பாசி சொன்ன சாட்சி

1924-ம் வருஷம், அக்டோபர் 30. நியூயார்க்கில் ஒரு பத்திரிகையாளர் கூட்டம்.

தாமஸ் மிட்ஜ்லி என்கிற எஞ்சினீயர் ஒரு பாட்டிலைத் திறந்தார். உள்ளே இருந்த திரவத்தைக் கையில் ஊற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவுகிற மாதிரி தேய்த்துக் காட்டினார். அடுத்து பாட்டிலை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை இழுத்தார். தினமும் இப்படிச் செய்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் புன்னகைத்தார்.

பாட்டிலுக்குள் இருந்தது டெட்ரா எதில் லெட். தமிழில் சொன்னால், ஈயம் கலந்த ஒரு திரவம். பெட்ரோலில் சில சொட்டுகள் கலந்தால் கார் எஞ்சின் 'டக்டக்'கென்று உதறாமல் வெண்ணெய் மாதிரி ஓடும். 1921-ல் அதைக் கண்டுபிடித்தவரே மிட்ஜ்லிதான்.

அவசர அவசரமாக எதற்கு இந்த வித்தை? காரணம் இருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், நியூஜெர்சியில் இந்தத் திரவத்தைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் செத்துப் போயிருந்தார்கள். சும்மா சாகவில்லை. புத்தி பேதலித்து, இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டி, கட்டிப்போடும் அளவுக்கு வெறி ஏறிச் செத்தார்கள். பத்திரிகைகள் அந்தச் சமாசாரத்துக்குப் 'பைத்தியக்கார வாயு' என்று பெயரே வைத்துவிட்டன.

இன்னொரு விஷயம். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே மூச்சை இழுத்த மிட்ஜ்லி, அதற்கு முந்தைய வருஷம்தான் ஈய விஷத்தால் படுத்து, ஓய்வெடுத்துத் திரும்பியிருந்தார். அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை!

வித்தை பலித்தது. 'எதில்' என்ற அழகான பெயரில், ஈயம் என்ற வார்த்தையையே கண்ணில் காட்டாமல், அந்த பெட்ரோல் உலகமெங்கும் ஓடியது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு நம் அப்பாக்களும் தாத்தாக்களும் ஸ்கூட்டருக்கும் காருக்கும் ஊற்றியது அதைத்தான்.

சரி, பெட்ரோலில் போட்ட ஈயம் எங்கே போகும்? புகைக்குழாய் வழியாக வெளியே. அப்புறம்? காற்று கொண்டுபோகிற இடமெல்லாம்.

'அதனால் என்ன?' என்று கேட்டார்கள் கம்பெனிக்காரர்கள். அவர்கள் பக்கம் ராபர்ட் கீஹோ என்ற டாக்டர் இருந்தார். ஈயம் என்பது மண்ணிலேயே இருக்கிற சரக்கு. சாப்பாட்டில் இருக்கிறது, தண்ணீரில் இருக்கிறது, மனித உடம்பில் ஆதிகாலம் தொட்டு இருக்கிறது. ஒரு அளவு தாண்டாதவரை ஆபத்தே இல்லை. இதுதான் அவருடைய கட்சி. பல வருஷம் இந்தக் கட்சிதான் ஜெயித்துக்கொண்டும் இருந்தது.

இதை மறுக்க வேண்டுமானால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். காருக்கு முன்னால், ஆலைக்கு முன்னால், காற்றில் எவ்வளவு ஈயம் இருந்தது? உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துக் காற்றை யார் பாட்டிலில் பிடித்து வைத்தார்கள்? அந்தக் காலத்தில் அளக்கிற கருவியும் கிடையாது, அளக்க வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது.

ஆனால் ஒருவர் அளந்துகொண்டுதான் இருந்தார். யாரும் கேட்காமலே. காட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வருஷம் தவறாமல்.

பாசி.

கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்வது குளத்தில் வழுக்குகிற பாசி அல்ல. செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிறோமே, கல்பாசி, அதுவும் அல்ல. அது லைக்கன் என்கிற வேறு ஜாதி. மழைக்காலத்தில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், பழைய கிணற்று உறையில், பச்சை வெல்வெட் துணி விரித்த மாதிரி படர்கிறதே, அந்தப் பாசி. கோயில் மதிலில் பார்த்தால் சுரண்டி எறிவோமே, அதேதான்.

இந்தச் சின்னச் செடியின் உடம்பு வாகு விசித்திரமானது. இதற்கு உண்மையான வேர் கிடையாது. கீழே நூல் மாதிரி சில இழைகள் இருக்கும். இடத்தைப் பிடித்துக்கொள்ள மட்டும். தென்னையும் வேம்பும் மண்ணிலிருந்து உறிஞ்சிச் சாப்பிடுகின்றன. பாசிக்கு அந்த வசதி இல்லை. மழை கொண்டுவருவது, பனி கொண்டுவருவது, காற்றில் மிதந்து வருகிற தூசி, இவ்வளவுதான் அதற்குச் சாப்பாடு. மேலிருந்து விழுகிறதைத்தான் தின்ன வேண்டும்.

இலைக்கு மேலே மெழுகுப் பூச்சு என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. விழுந்தது நேரே உள்ளே போகும். அதோடு, அதன் செல் சுவர்களில் எதிர்மின்னூட்டம் உள்ள இடங்கள் நிறைய. ஈயம், காட்மியம், தாமிரம் மாதிரியான உலோக அயனிகளோ நேர்மின்னூட்டம் உள்ளவை. பக்கத்தில் வந்தால் காந்தத்தில் ஊசி ஒட்டுகிற மாதிரி ஒட்டிக்கொள்ளும். நல்லது கெட்டது பார்க்கத் தெரியாத பிள்ளை, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொள்வதில்லையா? அந்தக் கதைதான்.

ஆக, பாசிக்குள் இருக்கிற ஈயம் பெரும்பாலும் வானத்திலிருந்து வந்த ஈயம். மண்ணின் மேல் பழி போட முடியாது. கீஹோவின் வாதம் எங்கே இடறும் என்று இப்போது புரிகிறதா?

இதைப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். இடம், ஸ்வீடனின் தென்கோடியில் இருக்கிற லுண்ட் பல்கலைக்கழகம். காலம், 1960-களின் கடைசி. ஒருவர் பெயர் ஜெர்முண்ட் டைலர். இன்னொருவர் பெயர் ஓக்கே ரூலிங். (தீர்ப்புக்குச் சம்மதம் சொல்கிற மாதிரி இருக்கிறது. நான் என்ன செய்ய, பெயரே அதுதான்!)

இருவரும் தாவரச் சூழலியல் ஆட்கள். ஸ்வீடன் காடுகளில் தேவதாரு மாதிரி நெடுநெடுவென்று மரங்கள் நிற்கும். தரையைப் பார்த்தால் மண்ணே தெரியாது. கணுக்கால் புதைகிற அளவுக்குப் பாசி மெத்தை. அதில் ஒரு வகைக்குப் 'படிக்கட்டுப் பாசி' என்று செல்லப் பெயர் உண்டு. ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்துத் தண்டின் முதுகில் ஒரு புதுப் படி ஏறும். படியை எண்ணினால் வயசு தெரிந்துவிடும். மேல் படி இந்த வருஷம், அதற்குக் கீழே போன வருஷம், அதற்கும் கீழே அதற்கு முந்தைய வருஷம். வருஷவாரியாகப் பேரேடு எழுதி வைத்த மாதிரி!

ரூலிங்கும் டைலரும் இன்றைய பாசியை அளந்தார்கள். அது போதுமா? போதாது. நேற்றைய கணக்கு வேண்டுமே. அப்போதுதான் அவர்கள் கண் பல்கலைக்கழகத்தின் பழைய அலமாரிகள் பக்கம் திரும்பியது.

லுண்ட், லின்னேயஸ் படிக்கச் சேர்ந்த ஊர். செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த அதே லின்னேயஸ். 1727-ல் அங்கே மாணவராகச் சேர்ந்தார். அந்த தேசத்தில் செடி சேகரிப்பது ஒரு தேசியப் பைத்தியம். பாதிரியார், பள்ளி வாத்தியார், டாக்டர் என்று ஆளாளுக்கு ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போய்ச் செடி பறித்து, உலர்த்தி, காகிதத்தில் வைத்துப் பாதுகாப்பார்கள். பாசி என்றால் ஒரு சின்னக் காகித உறை. உறைமேல் மூன்று விஷயம் எழுதியிருக்கும். என்ன பாசி, எந்த ஊர், என்ன தேதி.

அப்படி 1860-களில் இருந்து தென்ஸ்வீடனில் சேர்ந்த உறைகள் கிடைத்தன. எடுத்தவர்களுக்கு ஈயத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவர்கள் காலத்தில் காரே இல்லை, பெட்ரோல் போட! பாசியின் அழகுக்காக எடுத்தார்கள். ஒழுக்கத்துக்காகத் தேதி போட்டார்கள். அந்தத் தேதிதான் நூறு வருஷம் கழித்து வேலையைக் காட்டியது.

உறைகளைத் திறந்து, துளித்துளியாக எடுத்துச் சோதித்தார்கள். 1968-ல் முடிவு வெளியானது.

1860-ல் இருந்து 1875 வரை எடுத்த பாசியில், பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 20 பங்கு ஈயம். அடுத்த இருபத்தைந்து வருஷத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிறகு 1950 வரை பெரிய மாற்றம் இல்லை, சமதளம். 1950-க்குப் பிறகு மறுபடியும் ஏற்றம். 1968-ல் 80-ல் இருந்து 90 வரை!

இரண்டு படி. முதல் படி ஏறியது எப்போது? ஐரோப்பா நிலக்கரியை அள்ளி அள்ளி எரித்து ஆலைகளை ஓட்ட ஆரம்பித்த காலம். இரண்டாவது படி? யுத்தம் முடிந்து வீட்டுக்கு வீடு கார் வந்த காலம். மிட்ஜ்லியின் பாட்டில் காட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

ஈயம் ஆதியிலிருந்தே இதே அளவு இருந்தது என்ற பேச்சுக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டுமா? அதே சமயத்தில் அமெரிக்காவில் கிளேர் பேட்டர்சன் என்கிற விஞ்ஞானி, நம்மைச் சுற்றி இருக்கிற ஈயம் இயற்கையானதே இல்லை என்று 1965-லேயே போட்டு உடைத்திருந்தார். 1969-ல் அவருடைய குழு கிரீன்லாந்து பனிக்கட்டியைத் தோண்டி எடுத்துவந்த சாட்சியும் அதையே சொன்னது. ஒரு பக்கம் பனி, இன்னொரு பக்கம் பாசி. ஒருவரையொருவர் பார்த்தறியாத இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் கோர்ட்டில் என்ன மரியாதையோ, அது விஞ்ஞானத்திலும் உண்டு.

பிறகு ரூலிங்கும் டைலரும் தேசத்தின் நீள அகலத்துக்குப் பாசி பொறுக்கினார்கள். இன்னொரு ஆச்சரியம் வந்தது. தெற்கே ஈயம் அதிகம், வடக்கே போகப் போகக் குறைவு. தெற்கில் என்ன இருக்கிறது? கடலுக்கு அந்தப் பக்கம் ஐரோப்பாவின் பெரிய பெரிய தொழில் நகரங்கள். அதாவது, எங்கோ ஒரு தேசத்துப் புகைபோக்கி ஊதியது, பாஸ்போர்ட் விசா இல்லாமல் ஸ்வீடன் காட்டில் வந்து இறங்கியிருக்கிறது.

'இறங்கினால் இறங்கட்டும், மனுஷன் இல்லாத காடுதானே' என்று சிலருக்குத் தோன்றலாம். அதற்குப் பதில் கூசும் என்ற சின்ன ஸ்வீடிஷ் ஊரில் இருந்தது. 17-ம் நூற்றாண்டிலிருந்து அங்கே பித்தளை வார்க்கிற ஆலை. சுற்றிலும் காடு. டைலர் அந்தக் காட்டைப் பல வருஷம் ஆராய்ந்தார். ஆலையை நெருங்க நெருங்க மண்ணில் தாமிரமும் துத்தநாகமும் ஏறிக்கொண்டே போயின. நெருங்க நெருங்க இன்னொன்றும் நடந்தது. உதிர்ந்த இலை மக்கவில்லை. மக்க வைக்கிற பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் சோர்ந்துபோய்விட்டன. இலை மக்காவிட்டால் உரம் இல்லை, உரம் இல்லாவிட்டால் அடுத்த மரத்துக்குச் சாப்பாடு இல்லை. மரம் நின்றுகொண்டிருக்கும், காட்டின் வயிறு மட்டும் செரிக்க மறுக்கும். கன உலோகம் காட்டுக்குச் செய்கிற கெடுதல் இப்படித்தான். கோடாலி மாதிரி சத்தம் போடாது.

பாசி முறை மற்ற தேசங்களுக்கும் பரவியது. முதலில் ஸ்காண்டிநேவிய நாடுகள். 1990-ல் இருந்து ஐரோப்பா முழுக்க, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, பாசிக் கணக்கெடுப்பு. நம் ஊர் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி! இருபதுக்கும் மேற்பட்ட தேசங்கள், ஆயிரக்கணக்கான இடங்கள்.

எடுக்கிற விதத்துக்கும் ஏகப்பட்ட ஆசாரம். பெரிய சாலையிலிருந்து 300 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மரத்தின் நேர் கீழே எடுக்கக் கூடாது. இலையில் வழிந்த தண்ணீர் கணக்கைக் கெடுத்துவிடும். கையில் உறை போட வேண்டும். எடுக்கும்போது சிகரெட் பற்றவைக்கக் கூடாது. கடைசி இரண்டு மூன்று வருஷத்து வளர்ச்சியை மட்டும் கத்தரித்து எடுக்க வேண்டும். மடி, ஆசாரம் பார்க்கிற பாட்டி கெட்டார்!

ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும், ஒரு மெஷின் வைத்து அளந்தால் என்ன? வைக்கலாம். மெஷினுக்குப் பணம் வேண்டும், கரண்ட் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். ஒரு தேசத்துக்குச் சில டஜன் வைக்கலாம். அடர்ந்த காட்டில் ஆயிரம் இடத்தில் வைக்க எந்த கஜானா தாங்கும்? பாசி சம்பளம் கேட்காது, லீவு கேட்காது, ஏற்கெனவே அங்கேயே குடியிருக்கிறது.

அந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு ஐரோப்பிய தேசங்கள் பேசின. ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றையும் கட்டுப்படுத்த 1998-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு தேசம் பெட்ரோலில் ஈயத்தைக் குறைத்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள மந்திரி அறிக்கையைப் படிக்க வேண்டாம், பாசியைக் கேட்டால் போதும் என்ற நிலைமை வந்தது. பாசி என்ன சொன்னது? 1990-ல் இருந்து 2010-க்குள், ஐரோப்பாவின் பாசியில் ஈயம் சராசரியாக 77 சதவிகிதம் குறைந்திருந்தது. காட்மியம் கிட்டத்தட்ட பாதியானது. பாதரசம் மட்டும் அடம்பிடித்தது. அது ஆவியாகி உலகத்தையே சுற்றுகிற ஆசாமி. ஒரு கண்டம் மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது.

இந்தியாவிலும், 1995-ல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் எட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? பங்க்கில் தனி போர்டு மாட்டியிருப்பார்கள். 2000-ல் தேசம் முழுக்க அதுதான் என்றானது. உலகத்தின் கடைசி ஈய பெட்ரோல், அல்ஜீரியாவில் 2021 ஜூலையில் தீர்ந்தது. மிட்ஜ்லியின் பாட்டிலை மூட கிட்டத்தட்ட நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

அத்தோடு சுபம் போட்டுவிடலாமா? முடியவில்லை. பாசி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த முறை காட்டில் அல்ல, நகரத்தின் நடுவில்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்ட் என்று ஒரு நகரம். பச்சைப் பசேலென்று, சைக்கிளும் காய்கறித் தோட்டமுமாக, சுற்றுச்சூழலில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று மார்தட்டிக்கொள்கிற ஊர். 2013 டிசம்பரில், அமெரிக்க வனத்துறையின் ஆராய்ச்சியாளர்கள் ஜெஃப்ரி டோனவன், சாரா ஜோவன், டெமெட்ரியோஸ் காட்ஸியோலிஸ் மூவரும் தெரு மரங்களிலிருந்து பாசி எடுத்தார்கள். மொத்தம் 346 மாதிரிகள். சோதனைச்சாலைக்கு அனுப்பி, வந்த எண்களை நகர வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

இரண்டு இடத்தில் காட்மியம் தகதகவென்று ஏறி நின்றது. காட்மியம் சாதாரண ஆள் இல்லை. மூச்சில் போனால் புற்றுநோய் தரும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டு இடத்திலும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால், பெரிய ரசாயன ஆலை எதுவும் இல்லை. கண்ணாடிப் பட்டறைகள் இருந்தன!

சர்ச் ஜன்னலில் பார்த்திருப்பீர்களே, வண்ணக் கண்ணாடி. அதைச் செய்கிற பட்டறைகள். அந்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்குக் காட்மியம் சேர்ப்பார்கள். கண்ணாடியில் குமிழி வராமல் தெளிவதற்கு ஆர்சனிக், அதாவது பாஷாணம். பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த பட்டறைகள். அக்கம்பக்கம் வீடுகள், பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம். சட்டத்தை மீறினார்களா? அதுதான் இதில் பெரிய வேடிக்கை. பெரிய கண்ணாடி ஆலைகளுக்கு எழுதிய விதி சின்னப் பட்டறைகளின் உலைக்குப் பொருந்தாது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, லைசென்ஸ் இருந்தது, புகைபோக்கியில் வடிகட்டி இல்லை.

பாசி சொன்னதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. இவ்வளவு காட்மியம் பாசியில் இருந்தால் காற்றில் இவ்வளவு என்று நேர்க்கணக்கு போட முடியாது. மழை, மரம், பாசியின் வயசு எல்லாம் குறுக்கே வரும். 'இந்தத் தெருவில் போய்ப் பார்' என்று கை காட்டும், அவ்வளவுதான். 2015 அக்டோபரில் அரசாங்கம் ஒரு பட்டறைக்குப் பக்கத்தில் காற்று அளக்கிற கருவியை வைத்தது. கை காட்டிய இடம் தப்பவில்லை. காட்மியம், மாநிலம் வகுத்த பாதுகாப்பு அளவுகோலைப்போல 49 மடங்கு. ஆர்சனிக் 159 மடங்கு!

2016 பிப்ரவரியில் ஓர் உள்ளூர் வாரப் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. பத்திரிகையின் பெயர் என்ன தெரியுமா? 'போர்ட்லாண்ட் மெர்க்குரி'. மெர்க்குரி என்றால் பாதரசம்! ஊரே கொந்தளித்தது. அரை மைல் சுற்றளவில் உங்கள் தோட்டத்துக் கீரையைச் சாப்பிடாதீர்கள் என்று எச்சரிக்கை. பெற்றோர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஓடினார்கள். நல்லவேளையாக, மண்ணைச் சோதித்ததில் பயந்த அளவுக்கு விபரீதம் இல்லை. தோட்டத்துக்கு விதித்த எச்சரிக்கையையும் பிறகு எடுத்துவிட்டார்கள். ஆனால் பட்டறைகள் அந்த உலோகங்களை நிறுத்த வேண்டி வந்தது. 2018-ல் மாநிலமே தன் காற்றுச் சட்டத்தைத் திருத்தி எழுதியது. இத்தனைக்கும் காரணம், மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கைப்பிடிப் பச்சை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் ஒரு கதை இருக்கிறது.

கொடைக்கானல். 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை மலையேறி வந்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு ஹிந்துஸ்தான் லீவர். தெர்மாமீட்டர் என்றால் பாதரசம். தொழிற்சாலைக்குக் கீழே சரிவில் பாம்பார் சோலைக்காடு. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு காயலாங்கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் அம்பலப்படுத்தினார்கள். அந்த மாதமே தொழிற்சாலை மூடியது.

பாதரசம் காற்றிலும் போனதா? ஹைதராபாத்தில் இருக்கிற அணுசக்தித் துறையின் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தொழிற்சாலையைச் சுற்றி இருக்கிற மரங்களிலிருந்து பாசியும் லைக்கனும் எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, தூரத்தில் காட்டுக்குள் இருக்கிற பேரிஜம் ஏரிப் பக்கமிருந்தும் எடுத்தார்கள். 2003-ல் முடிவு வந்தது. தொழிற்சாலைப் பக்கத்துப் பாசியில் பாதரசம் பல மடங்கு அதிகம். கம்பெனி, தொழிலாளர்களின் உடம்புக்கோ ஊருக்கோ கெடுதல் இல்லை என்றே சொல்லிவந்தது. தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் படியேறினார்கள். 2016-ல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரச ஒப்பந்தம் ஆனது. தொழிற்சாலை மூடி 15 வருஷம் கழித்து!

முடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம்.

அந்தத் தொழிற்சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே, பழனி மலைத் தொடரில் குனிந்து குனிந்து பாசி பொறுக்கிய ஒருவர் உண்டு. ஃபொரோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சேசு சபைக்காரர். பழனி மலைப் பாசிகளைப் பற்றி அவர் எழுதிய விரிவான பட்டியல் 1961-ல் வெளியானது. இப்படிப் பட்டியல் போடுகிறவர்கள் மாதிரியைக் காகித உறையில் போட்டு, ஊரும் தேதியும் எழுதாமல் விடுவதில்லை. பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய உறைகளில் பாதரச மருந்தே தடவுகிற வழக்கமும் சில இடங்களில் இருந்தது. அதனால் எல்லா உறையும் பாதரசத்துக்குச் சாட்சி சொல்ல லாயக்குப்படாது. ஆனால் ஈயத்துக்கு? காட்மியத்துக்கு? கொடைக்கானலுக்கு வாரக்கடைசிதோறும் கார்கள் வரிசைகட்டி ஏறாத காலத்துக் காற்றுக்கு?

லுண்டில் பாசியை உறையில் போட்டவர்கள் ரூலிங்கையும் டைலரையும் பார்த்ததில்லை. எதற்கு உதவும் என்று தெரியாமலே தேதி போட்டு வைத்தார்கள்.

அடுத்த தடவை கொடைக்கானல் போனால், பேரிஜம் பக்கம் ஏதாவது ஒரு மரத்தடியில் நில்லுங்கள். அந்தப் பச்சையைச் சுரண்டாமல் ஒரு நிமிஷம் பாருங்கள். நீங்கள் வந்த காரின் கணக்கையும் அது எழுதிக்கொண்டுதான் இருக்கும்.